வென்றவருக்குக் கொடுக்கப்படாத கிண்ணம்: வெண்டல் ஸ்கொட்டின் கதை

அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயப் பதிவேட்டில் வெண்டல் ஸ்கொட் என்ற பெயருக்கு எதிரே 495 ஓட்டங்கள், 1 வெற்றி என்று எழுதப்பட்டிருக்கிறது. 13 பருவங்களில் 495 தடவை தடத்தில் இறங்கியவருக்கு ஒரேயொரு வெற்றிதானா என்று முதற் பார்வையில் தோன்றும். அந்த ஒரு வெற்றியும் அன்றைய தினம் வேறொருவரின் பெயரிலேதான் அறிவிக்கப்பட்டது. வென்றவர் கிண்ணம் இல்லாமல் வீடு திரும்பினார். அந்தக் கிண்ணத்துக்கு ஈடான ஒன்றை நாஸ்கார் நிறுவனம் அவருடைய குடும்பத்தின் கையில் கொடுத்தபோது ஏறத்தாழ 58 ஆண்டுகள் கடந்திருந்தன. ஸ்கொட் இறந்தே 30 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

எங்களில் பலருக்குக் கார்ப் பந்தயம் என்றால் போர்முலா வன்தான் நினைவுக்கு வரும். நாஸ்கார் வேறு மாதிரி. அங்கே ஓடுவது ஸ்டொக் கார். கடையில் எவரும் வாங்கக்கூடிய சாதாரணக் காரை உள்ளே திருத்திப் பலப்படுத்திப் பந்தயத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் தொடக்கம். பிறந்த இடம் அமெரிக்காவின் தென் மாநிலங்கள். அங்கே மலைப்பகுதிகளில் இரகசியமாக வடித்த கசிப்பை இரவோடு இரவாக நகரங்களுக்குக் கொண்டுபோன இளைஞர்கள், பொலிஸ் வாகனங்களை முந்துவதற்காகத் தங்கள் கார்களின் இயந்திரங்களைத் திருத்தினார்கள். யாருடைய கார் வேகமானது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மண் தடங்களில் ஓடிப் பார்த்தார்கள். 1948இல் பில் பிரான்ஸ் என்பவர் இந்தப் பந்தயங்களை ஒரு நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தார். அதுதான் நாஸ்கார். ஓட்டியவர்களும் பார்த்தவர்களும் நடத்தியவர்களும் அநேகமாக எல்லோருமே வெள்ளையர்கள். கூட்டத்தின் நடுவே அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடி பறக்கும்.

அந்த உலகத்துக்குள் நுழைந்த ஸ்கொட் பிறந்தது 1921 ஓகஸ்ட் 29இல், வேர்ஜீனியா மாநிலத்தின் டன்வில் நகரில். 1865 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் தோல்வியில் முடியும் தறுவாயில், அந்தக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் தலைநகரை விட்டு ஓடிவந்து ஒரு வாரமளவில் தங்கிய ஊர் அது. கூட்டமைப்பின் கடைசித் தலைநகரம் என்ற பெயரை ஊர் நெடுங்காலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. வேலை என்றால் பருத்தி ஆலை, இல்லாவிட்டால் புகையிலை பதனிடும் தொழிற்சாலை. இரண்டிலும் மேற்பார்வையாளரின் கண்ணுக்குக் கீழே நாள் முழுவதும் நிற்க வேண்டும். அந்த வேலைக்குப் போவதில்லை என்று ஸ்கொட் இளவயதிலேயே தீர்மானித்துவிட்டார். அவருடைய தகப்பன் வசதியான வெள்ளைக் குடும்பங்களுக்குக் கார் ஓட்டியும் திருத்தியும் கொடுத்தவர். கார் வேலை மகனுக்கு அவரிடமிருந்து வந்தது.

பள்ளியை இடையில் விட்டு டக்சி ஓட்டினார். 1943இல் மேரி கோல்ஸைத் திருமணம் செய்தார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அன்றைய அமெரிக்க இராணுவத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிப் படைப்பிரிவுகள். அங்கும் அவருக்கு வாகனம் திருத்தும் வேலை. போர் முடிந்து ஊருக்கு வந்து சொந்தமாக ஒரு கராஜ் போட்டார். பிள்ளைகள் பிறந்தார்கள், கராஜ் வருமானம் போதவில்லை. இரவில் கசிப்புக் கடத்தத் தொடங்கினார். பொலிஸார் எத்தனையோ முறை துரத்தினார்கள். பிடிபட்டது ஒரேயொரு முறை, 1949இல். 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார். வார இறுதிகளில் டன்வில் பந்தயத் தடத்துக்குப் போய், கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய வாங்குகளில் இருந்து பார்ப்பார். தானும் ஓடலாமே என்ற ஆசை அங்கேதான் வந்தது.

அந்த வாய்ப்பு வந்த விதம் விசித்திரமானது. 1952இல் அந்தப் பகுதியில் பந்தயங்களை நடத்திய டிக்சி சுற்று என்ற அமைப்புக்குக் கூட்டம் போதவில்லை. கறுப்பினச் சாரதி ஒருவரை வெள்ளையர்களோடு ஓடவிட்டால் வேடிக்கை பார்க்கச் சனம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். நல்ல சாரதி யார் என்று அவர்கள் விசாரித்த இடம் பொலிஸ் நிலையம். தங்களால் பிடிக்க முடியாமல் இருந்த ஆளின் பெயரைப் பொலிஸார் சொன்னார்கள். ஆக, ஸ்கொட் உள்ளே விடப்பட்டது நியாய உணர்ச்சியால் அல்ல, நுழைவுச்சீட்டு விற்பனைக்காக. அவருக்கு அது விளங்காமல் இருந்திருக்காது. ஆனால் கதவு எந்தக் காரணத்துக்காகத் திறந்தாலும் உள்ளே போய்விட வேண்டும் என்பதே அவருடைய போக்கு. வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் நடந்துகொண்டார்.

1952 மே 23 அன்று டன்வில் தடத்தில் முதல் ஓட்டம். கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு அவமதித்தார்கள். கார் இடையில் பழுதாகி நின்றது. அவருக்கோ இனி இதுதான் தன் தொழில் என்று ஆகிவிட்டது. மறுநாளே காரைத் திருத்திக் கட்டி இழுத்துக்கொண்டு வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலத்தில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்குப் போனார். கறுப்பினத்தவர் ஓட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். சில நாட்கள் கழித்து ஹை பொயின்ற் என்ற இடத்திலும் அதே பதில். காரை வேண்டுமானால் வெள்ளை நண்பர் எவரிடமாவது ஓட்டக் கொடுக்கலாம் என்றார்கள். கண்ணீரோடுதான் அந்தப் பயணங்களிலிருந்து வீடு திரும்பினார். ஆனால் முதல் ஓட்டத்திலிருந்து இரு வாரங்களுக்குள், லிஞ்ச்பேர்க் நகரில் நாஸ்காருக்கு வெளியே நடந்த ஒரு சிறு பந்தயத்தில் வென்றும் விட்டார்.

அதன்பின் வேர்ஜீனியாவின் சிறிய மண் தடங்களில் வாரத்துக்குப் பல இரவுகள் ஓடினார். சிலர் வேண்டுமென்றே இடித்தார்கள். திருப்பி அடித்தால் தடத்தில் ஒரு கலவரம் வரும், தன் பந்தய வாழ்வும் அன்றோடு முடியும் என்று அறிந்து, நொறுங்கிய காரைத் திருத்திக்கொண்டு அடுத்த நாள் மீண்டும் வந்தார். ஓடும் திறமையைக் கண்டு அவர் பக்கம் சேர்ந்த வெள்ளை இரசிகர்களும் இருந்தார்கள். 1953ஆம் ஆண்டளவில் ரிச்மண்டில் நாஸ்காரின் உள்ளூர் அதிகாரி ஒருவர் அவருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கினார். தலைமையகத்தைக் கேட்காமல் எடுத்த முடிவு அது. பின்னர் பில் பிரான்ஸையே சந்தித்தபோது, நாஸ்காரில் நிறத்தை வைத்து எவரும் தன்னை ஒதுக்கமாட்டார்கள் என்று அவர் உறுதி கொடுத்ததாக ஸ்கொட் சொல்லியிருக்கிறார். அந்த உறுதியின் பெறுமதி எவ்வளவு என்பது பின்னால் தெரியவந்தது. 1959இல் வேர்ஜீனியா மாநில சாம்பியன் பட்டம் அவருக்குக் கிடைத்தது.

1961 மார்ச்சில், 39 வயதில், நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நஷனலில் நுழைந்தார். முதல் ஓட்டம் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பேர்க்கில். கார் இலக்கம் 34. மற்ற அணிகளுக்குச் சம்பளத்துக்கு வேலை செய்யும் மெக்கானிக்குகள் இருந்தார்கள். ஸ்கொட்டுக்கு அவருடைய பிள்ளைகள்தான் அணி. இடையில் கார் நிற்கும்போது ரயர் மாற்றுவதும் பெற்றோல் அடிப்பதும் வெண்டல் ஜூனியர், பிராங்க் ஆகிய மகன்மாரின் வேலை. டன்வில்லில் இருந்து கராஜ் வேலையை முடித்து, காரை இழுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் போவார்கள். வழியில் சாப்பாட்டுக் கடைகள் உள்ளே விடாது என்பதால் மேரி சமைத்துக் கட்டிக் கொடுப்பார். தங்கும் விடுதிகளும் அப்படித்தான். வாகனத்துக்குள்ளேயே படுத்தெழும்பிப் பந்தயம் ஓடினார்கள்.

கிராண்ட் நஷனலில் வெல்வதற்கு ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. போர்ட், கிறைஸ்லர் போன்ற பெரிய நிறுவனங்கள் தாங்கள் தெரிவுசெய்த அணிகளுக்குப் புதிய கார்களையும் இயந்திரங்களையும் அள்ளிக் கொடுத்த காலம் அது. அந்த உதவி ஸ்கொட்டுக்குக் கிடைக்கவில்லை. மற்றவர்கள் ஓடிக் கழித்த காரை வாங்கி, அவர்கள் கழற்றிப் போட்ட ரயர்களையும் பாகங்களையும் பூட்டி ஓடினார். ஒரு பந்தயத்தில் இயந்திரம் வெடித்தால் அடுத்த சில பந்தயங்களுக்குப் போக முடியாது. ஆகவே முன்னால் போகிறவனைத் துரத்த வேண்டிய இடத்தில், இயந்திரத்தைக் காப்பாற்றிக் கடைசிவரை ஓடி, கிடைக்கிற பரிசுப் பணத்தை எடுத்துக்கொண்டு வீடு வர வேண்டியிருந்தது. 495 ஓட்டங்களில் 147 முறை முதல் 10 இடங்களுக்குள் வந்தார், 20 முறை முதல் 5க்குள். அந்தக் காரையும் அந்தக் காசையும் வைத்துக்கொண்டு இது எப்படி முடிந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1962இல் சவன்னாவில் எல்லோரையும் விட வேகமாக ஓடி முதல் வரிசையின் முதலிடத்தையும் பிடித்தார்.

எல்லா வெள்ளைச் சாரதிகளும் ஒரே மாதிரி நடக்கவில்லை. நெட் ஜரெட் போன்றவர்கள் நட்பாக இருந்தார்கள். ஜரெட்டிடமிருந்து வாங்கிய 1962 செவ்ரோலே பெல் எயார் காரில்தான் ஸ்கொட் தன் பெரிய வெற்றியை ஓடினார். மறுபுறம், ஒரு சாரதி தொடர்ந்து இடித்துத் தொல்லை கொடுத்தபோது, பந்தயம் தொடங்குவதற்கு முந்திய மெதுவான சுற்றில் ஸ்கொட் அவருக்குத் தன் கைத்துப்பாக்கியைக் காட்டினார் என்றும், அதன்பின் அந்தத் தொல்லை நின்றது என்றும் அவரே சொன்ன கதை உண்டு. 1950இல் திறந்த தென் கரோலினாவின் டார்லிங்டன், நாஸ்காரின் முதல் பெரிய தார்த் தடம். அதை நடத்தியவர்கள் சில ஆண்டுகள் அவரை உள்ளே விடவேயில்லை.

இனி 1963. அந்த ஆண்டைத் தெரிந்துகொள்ளாமல் ஜக்சன்வில் பந்தயத்தை விளங்கிக்கொள்ள முடியாது. ஜனவரியில் அலபாமா மாநில ஆளுநராகப் பதவியேற்ற ஜோர்ஜ் வொலஸ், இனப் பிரிப்பு என்றென்றும் தொடரும் என்று மேடையில் சபதம் செய்தார். ஜூன் 10 அன்று ஸ்கொட்டின் சொந்த ஊரான டன்வில்லில், சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் மீது பொலிஸார் தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பாய்ச்சி, பொல்லுகளால் அடித்தார்கள். செப்டெம்பரில் அலபாமாவின் பேர்மிங்காமில் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் குண்டு வெடித்து 4 சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். நவம்பர் 22இல் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். அதற்கு ஒன்பதாம் நாள், டிசெம்பர் 1, புளோரிடாவின் ஜக்சன்வில்லில் அரை மைல் மண் தடத்தில், 200 சுற்றுகளுக்கான பந்தயம்.

முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர் ரிச்சர்ட் பெற்றி. நாஸ்கார் வரலாற்றின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. அவருடைய கார் பழுதாகி வேகம் குறைய, 25 சுற்றுகள் இருக்கையில் ஸ்கொட் அவரைத் தாண்டினார். அதன்பின் அவருக்கு முன்னால் எவரும் இல்லை. 200ஆவது சுற்று முடிந்தபோது அவருக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி அசைக்கப்பட்டிருக்க வேண்டும். அசைக்கப்படவில்லை. அவர் தொடர்ந்து ஓடினார், 202 சுற்றுகள் வரை. கொடி விழுந்தது அவருக்குப் பின்னால் வந்த பக் பேக்கருக்கு. வெற்றியாளர் என்று பேக்கரின் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கிண்ணத்தையும் அழகுராணியின் முத்தத்தையும் அவரே பெற்றுக்கொண்டார்.

ஸ்கொட் விடவில்லை. முறைப்பாடு செய்தார். சுற்றுக் கணக்குத் தாள்கள் மீண்டும் சரிபார்க்கப்பட்டன. ஏறத்தாழ 2 மணித்தியாலங்கள் கழித்து, கூட்டம் கலைந்து, வாங்குகள் வெறுமையான பிறகு, வென்றது ஸ்கொட்தான் என்று அதிகாரிகள் ஒத்துக்கொண்டார்கள். கிண்ணமோ பேக்கரோடு போய்விட்டது. சில வாரங்கள் கழித்து, பெயர்கூடப் பொறிக்காத ஒரு மலிவான மரக்கிண்ணம் ஸ்கொட்டின் கையில் கொடுக்கப்பட்டது.

கணக்கில் வந்த தவறு என்பதே அதிகாரிகளின் விளக்கம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒருவர் இருந்து, கார் கடக்கும் ஒவ்வொரு முறையும் தாளில் பென்சிலால் குறிப்பதுதான் முறை. ஒரு சுற்றுத் தவறுவது அபூர்வமல்ல. அதனால் இந்த விளக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஸ்கொட் முன்னால் இருந்தது ஒரு காரின் நீளத்தால் அல்ல, முழுதாக இரண்டு சுற்றுகளால். தடத்தில் இருந்த ஒரேயொரு கறுப்பினச் சாரதியின் காரை, அதுவும் பெற்றியைத் தாண்டிப்போன காரை, கவனிக்கத் தவறினார்கள் என்று நம்புவது கடினம். வெள்ளையினப் பெண் ஒருத்தி கறுப்பினத்தவர் ஒருவரை ஆயிரக்கணக்கானோர் முன் முத்தமிடும் காட்சியைத் தவிர்க்கவே இது நடந்தது என்று ஸ்கொட் கடைசிவரை நம்பினார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் திருமணம் செய்வது புளோரிடாவிலும் வேர்ஜீனியாவிலும் 1967வரை சட்டவிரோதமாக இருந்தது என்பதை நினைத்தால், அந்த நம்பிக்கையைச் சந்தேகம் என்று ஒதுக்க முடியாது.

பதிவேடு திருத்தப்பட்டது. ஆனால் விளையாட்டில் வெற்றி என்பது பதிவேட்டில் மட்டும் நடப்பதில்லை. புகைப்படம் எடுக்க வேண்டும், அது மறுநாள் பத்திரிகையில் வர வேண்டும், அதைப் பார்த்து ஒரு கம்பனி பணத்தோடு வர வேண்டும். அன்று ஸ்கொட் இழந்தது கிண்ணத்தை மட்டுமல்ல, அந்தப் படத்தையும் அதனால் வந்திருக்கக்கூடிய காரையும் சேர்த்துத்தான். பெரிய அணி எதுவும் அவரைத் தேடி வரவில்லை. பழைய காரோடும் மகன்மாரோடும் அடுத்த பந்தயத்துக்குப் போனார். அப்படியே ஓடி 1966இல் ஆண்டு முடிவுப் புள்ளிகளில் 6ஆம் இடத்துக்கு வந்தார். 1967இல் 10ஆம் இடம், 1968இலும் 1969இலும் 9ஆம் இடம்.

இதற்கிடையில் விளையாட்டின் முகம் மாறிக்கொண்டிருந்தது. மண் தடங்கள் ஒவ்வொன்றாக மறைய, சுப்பர்ஸ்பீட்வே எனப்படும் பிரமாண்டமான தார்த் தடங்கள் முன்னுக்கு வந்தன. பில் பிரான்ஸ் 1959இல் புளோரிடாவின் டேற்றோனாவில் 2.5 மைல் தடத்தைத் திறந்தார். பத்து ஆண்டுகளில் அதையும் விஞ்ச, அலபாமாவின் தல்லடேகாவில், கைவிடப்பட்ட விமானத்தளத்துக்கு அருகே 2.66 மைல் தடத்தைக் கட்டினார். ஒரு சுற்றே 4 கிலோமீற்றருக்கு மேல். வளைவுகளில் தடம் 33 பாகை சரிந்து நிற்கும். அந்தச் சரிவில் சாதாரணமாக நடந்து ஏறுவதே கஷ்டம். சரிவு இருப்பதால் வளைவில் வேகத்தைக் குறைக்கத் தேவையில்லை. 1970இல் அங்கேதான் மூடிய தடமொன்றில் முதன்முறையாக ஸ்டொக் கார் ஒன்று மணிக்கு 200 மைலைத் தாண்டியது. கிலோமீற்றரில் சொன்னால் 320க்கு மேல். 1969இல் தடம் திறந்தபோது அந்த வேகத்தில் ரயர்கள் கிழிந்ததைக் கண்டு, ரிச்சர்ட் பெற்றி தலைமையில் முன்னணிச் சாரதிகள் ஓட மறுத்து வெளியேறிவிட்டார்கள். பில் பிரான்ஸ் மிஞ்சியவர்களை வைத்துப் பந்தயத்தை நடத்தி முடித்தார்.

தல்லடேகாவுக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. தடம் உருவாவதற்குத் துணை நின்றவர் ஜோர்ஜ் வொலஸ், இனப் பிரிப்புச் சபதம் செய்த அதே ஆளுநர். 1972இல் வொலஸ் ஜனாதிபதி வேட்பாளராக முயன்றபோது புளோரிடாவில் அவருடைய பிரசாரத்துக்குத் தலைமை தாங்கியவர் பில் பிரான்ஸ். நாஸ்காரில் நிறம் பார்க்கமாட்டோம் என்று ஸ்கொட்டுக்கு உறுதி கொடுத்தவர்தான் அவர்.

மண் தடத்தில் கைத்திறன் காசின்மையை ஓரளவு ஈடுகட்டும். கார் வழுக்கும், அதைப் பிடித்து நிறுத்துவது சாரதியின் கை. சுப்பர்ஸ்பீட்வேயில் அப்படியில்லை. மிதியைத் தரைவரை அழுத்தி வைத்திருக்க வேண்டியதுதான். யாருடைய இயந்திரம் பலமானதோ அவர் முன்னால். முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் கார்களும் அதே வேகத்தில் இழுபட்டுப் போகும். பலமில்லாத கார் அந்தக் கூட்டத்திலிருந்து கழன்றுவிட்டால் மீண்டும் எட்டிப் பிடிக்க முடியாது. ஸ்கொட்டின் வயது 50ஐத் தாண்டிய நேரத்தில், பணம் இல்லாதவர்களுக்கு இடமில்லாத விளையாட்டாக அது ஆகிக்கொண்டிருந்தது. 1972இல் சார்லட் தடத்தின் நிர்வாகம் அவருக்கு ஒரு பெரிய அணி தயாரித்த காரை ஓட்டக் கொடுத்தது. இயந்திரம் இடையில் பழுதாகி அதுவும் முடிந்தது.

இனி மற்றவர் தயவு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, கடன்பட்டு ஒரு மெர்க்குரி காரை வாங்கினார். முன்பு அவரிடம் இருந்தவற்றையெல்லாம் விட நல்ல கார். 1973 மே 6 அன்று அந்தக் காரோடு தல்லடேகாவுக்கு வந்தார். வின்ஸ்டன் 500 என்ற 500 மைல் பந்தயம், 188 சுற்றுகள். அன்று தடத்தில் இறக்கப்பட்டவை 60 கார்கள். வழக்கத்தை விட மிக அதிகம். மிக வேகமான கார்களும் மிக மெதுவான கார்களும் கலந்த நெரிசல்.

தொடக்கச் சுற்றுகளிலேயே, பின்பக்க நேர்ப்பாதையில் ஒரு காரின் இயந்திரம் வெடித்து எண்ணெய் தடத்தில் கொட்டியது. பின்னால் வந்தவர்கள் அந்த எண்ணெயில் வழுக்கினார்கள். புகையும் தூசியும் எழும்ப, எதிரே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் அடுத்தடுத்து வந்த கார்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. அந்த வேகத்தில் நிறுத்தவும் முடியாது, விலகவும் இடமில்லை. புகை அடங்கியபோது சுமார் 20 கார்கள் சிதறிக் கிடந்தன. முன்னணிச் சாரதிகள் பலரின் பந்தயமும் அங்கேயே முடிந்தது. நாஸ்கார் அதுவரை கண்ட மிகப் பெரிய மோதல்களில் அது ஒன்று. மிஞ்சிய கார்களோடு பந்தயம் தொடர்ந்து நடந்தது. டேவிட் பியர்சன் வென்றார்.

சிதைந்த மெர்க்குரிக்குள் ஸ்கொட் இருந்தார். விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் முறிந்திருந்தன. காலில் முறிவு. கிழிந்த கைக்கு ஏறத்தாழ 60 தையல்கள். உயிர் மிஞ்சியது. கார் மிஞ்சவில்லை, கடன் மிஞ்சியது. பெரிய அணியின் சாரதி என்றால் குணமாகி வரும்போது இன்னொரு கார் காத்திருக்கும். ஸ்கொட்டுக்கு அணி என்பதே அந்த ஒரு கார்தான். ஐந்து மாதங்கள் கழித்து, ஒக்டோபரில் சார்லட்டில், வலியோடு ஒருமுறை ஓடினார். 12ஆவதாக வந்தார். அது 495ஆவது ஓட்டம். அதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு டன்வில்லில் கராஜ் வாழ்க்கை. 1977இல் ஹொலிவூட் அவருடைய கதையைத் தழுவி ‘கிறீஸ்ட் லைட்னிங்’ என்ற படத்தை எடுத்தது. ஸ்கொட்டாக நடித்தவர் நகைச்சுவை நடிகர் ரிச்சர்ட் பிறையர். படம் கோலாகலமான வெற்றியோடு முடிகிறது. உண்மை வாழ்க்கையில் அப்படி ஒரு முடிவு இருக்கவில்லை, படத்தால் குடும்பத்தின் நிலைமையும் மாறிவிடவில்லை. முள்ளந்தண்டில் வந்த புற்றுநோயால் 1990 டிசெம்பர் 23 அன்று 69ஆவது வயதில் காலமானார். ஜக்சன்வில் கிண்ணம் அதுவரை வரவில்லை.

தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கேட்பது அதன்பின் பிள்ளைகளின் வேலையானது. பந்தயங்களில் ரயர் மாற்றிய அதே மகன்மார், பின்னர் பேரப்பிள்ளைகள். 2010இல் ஜக்சன்வில்லின் பந்தய ஆர்வலர்கள் ஒரு மாதிரிக் கிண்ணம் செய்து குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். அது நாஸ்கார் கொடுத்தது அல்ல. 2013இல் வேர்ஜீனியா மாநிலம் டன்வில்லில் அவர் பெயரில் நினைவுப் பலகை நாட்டியது. 2015இல் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. கறுப்பினத்தவரில் அவரே முதலாமவர். பெயரை மண்டபத்தில் எழுத முடிந்தவர்களுக்கு ஒரு கிண்ணம் செய்து கொடுக்க ஏன் இன்னும் ஆறு ஆண்டுகள் பிடித்தன என்று எனக்கு விளங்கவில்லை. கௌரவம் கொடுப்பது ஒன்று, தவறை ஒத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பது வேறொன்று போலும்.

கடைசியில் 2021 ஓகஸ்ட் 28 அன்று, ஸ்கொட் உயிரோடு இருந்திருந்தால் 100 வயதை அடையும் நாளுக்கு முந்திய நாள், டேற்றோனாவில் பந்தயம் தொடங்குமுன் நாஸ்கார் அந்தக் கிண்ணத்தைக் குடும்பத்தினரிடம் கையளித்தது. 1963இல் கொடுத்திருக்க வேண்டிய அந்த அசல் கிண்ணம் அல்ல, புதிதாகச் செய்த ஒன்று. சகோதரர் வெண்டல் ஜூனியரோடு சேர்ந்து தகப்பனின் ரயர்களை மாற்றிய பிராங்க் ஸ்கொட் அதைப் பெற்றுக்கொள்ள அங்கே நின்றார்.

அதற்கு ஐந்து வாரங்கள் கழித்து, ஒக்டோபர் 4 அன்று, தல்லடேகாவில் ஒரு பந்தயம். அலபாமாவின் மொபைல் நகரில் பிறந்த பபா வொலஸ் என்ற கறுப்பின இளைஞர் அதில் ஓடினார். ஆளுநர் வொலஸுக்கும் இவருக்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. முந்திய ஆண்டு, பந்தய இடங்களில் தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடியைத் தடைசெய்ய வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டவர் இவர். நாஸ்காரும் தடைசெய்தது. 2013இல் டன்வில்லுக்கு அண்மையிலுள்ள மார்ட்டின்ஸ்வில்லில் கீழ்ப்பிரிவுப் பந்தயமொன்றை வென்று, ஸ்கொட்டுக்குப் பின் நாஸ்காரின் தேசிய மட்டத்தில் வென்ற முதல் கறுப்பினச் சாரதியானவரும் இவரே. இவருடைய காரின் சொந்தக்காரர்களில் ஒருவர் கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டன். பணமுள்ள ஒரு கறுப்பினத்தவரின் கார், ஸ்கொட்டுக்கு ஒருபோதும் கிடைக்காதது.

188 சுற்றுகளில் 117 முடிந்த நேரத்தில் மழை வந்தது. முன்னால் இருந்தவர் வொலஸ். தடம் காயுமா காயாதா என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மழை விடவில்லை. பந்தயம் அத்துடன் முடிந்ததாக அறிவித்து, வொலஸை வெற்றியாளர் என்றார்கள். நாஸ்காரின் உச்சப் பிரிவில் வென்ற இரண்டாவது கறுப்பினச் சாரதி. கிண்ணத்தை அன்றே, தடத்திலேயே அவருடைய கையில் கொடுத்தார்கள்.